வளைகிற மூட்டும் வளையக்கூடாத முன்காலும்

என் வலது கையை நீட்டினால் அது நேர்கோட்டில் நிற்காது. முழங்கை நேர்நிலையைத் தாண்டி எதிர்ப்புறமாகக் கொஞ்சம் வளையும். கட்டைவிரலை அழுத்தினால் முன்கையில் போய்ப் படியும். முழங்காலை மடக்காமல் குனிந்து இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் வைப்பேன். கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச வந்த காலத்திலிருந்து இந்த உடம்பைப் பார்த்தவர்கள் எல்லோரும் "ரப்பர் உடம்பு, கொடுத்துவைத்தவன்" என்றே சொன்னார்கள். கீழ்முதுகில் ஒரு முள்ளெலும்பு விரிசல் கண்ட பிறகுதான் மூட்டுத் தளர்வு எந்த இடத்தில் உதவுகிறது, எந்த இடத்தில் காலை வாருகிறது என்று பிரித்துப் பார்க்கத் தொடங்கினேன். இப்போது போட்டிகளில் ஆடுவதில்லை. இளையவர்களுக்குப் பந்துவீசக் கற்றுத்தருகிறேன். அவர்களில் என்னைப் போன்ற தளர்ந்த மூட்டுக்காரர்களும் உண்டு, குனிந்தால் கெண்டைக்காலைக்கூடத் தொட முடியாத இறுக்கக்காரர்களும் உண்டு. இந்த இரு வகையினரையும் ஒரே வரிசையில் நிறுத்தி ஒரே பயிற்சியைச் செய்யச் சொல்வதைப் போன்ற அபத்தம் வேறில்லை.

முழங்கையில் தொடங்குகிறேன். எனக்கு முதல் தொல்லை வந்தது அங்கேதான். ஒரு லீக் ஆட்டத்தில் எதிரணித் தலைவர் நடுவரிடம் போய், "இவர் வீசவில்லை, எறிகிறார்" என்றார். மட்டையாளருக்குப் பக்கவாட்டில், ஸ்கொயர் லெக்கில் நின்ற நடுவர் தலையைச் சொறிந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. பின்னோக்கி வளையும் கை சுழன்று வரும்போது, சில கோணங்களிலிருந்து பார்ப்பவருக்கு அந்த வளைவு மடிப்பாகவே தெரியும். அன்றிரவு விதியை வரிவரியாகப் படித்தேன். கை தோள் உயரத்துக்கு வந்த நொடி முதல் பந்து விடுபடும் வரை, மடங்கிய முழங்கை நிமிரக் கூடாது என்பதுதான் சாரம். மடங்கிய கையுடன் வீசுவது குற்றமில்லை. மடங்கியது நிமிர்வதே குற்றம். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் பந்துவீச்சு ஆக்‌ஷன்களிலும் சில டிகிரி நிமிர்வு இருக்கிறது என்று ஆய்வக அளவீடுகள் காட்டியதால், சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் 2005-இல் எல்லா வகை வீச்சுக்கும் 15 டிகிரி வரை அனுமதித்தது. அதற்கு முன் வேகத்துக்கு 10, மிதவேகத்துக்கு 7.5, சுழலுக்கு 5 என்று தனித்தனி வரம்புகள் இருந்தன. நேர்கோட்டைத் தாண்டிப் பின்னால் வளைவது இந்தக் கணக்கில் சேராது.

2003 உலகக் கோப்பையில் மணிக்கு 161.3 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்ட ஷோயப் அக்தருக்கு இப்படிப்பட்ட கைதான். ஜஸ்பிரித் பும்ராவுக்கும் அப்படியே. முத்தையா முரளிதரனின் கதை நேர் எதிரானது. அவருடைய முழங்கை பிறவியிலேயே முழுதாக நிமிராது. 1995-இல் மெல்போர்ன் டெஸ்டில் நடுவர் டேரல் ஹேர் அவருக்கு நோ-பால் கொடுத்ததில் தொடங்கிய சர்ச்சை பல ஆண்டுகள் ஓடியது. ஒருவருக்கு மூட்டு அதிகம் போகிறது, இன்னொருவருக்குப் போகவேண்டிய அளவு போகவில்லை. இருவர் மீதும் விழுந்த சந்தேகம் ஒன்றே. ஆகவே ஓர் இளைஞனின் கை விசித்திரமாகத் தெரிந்தால், "எறிகிறாய்" என்று அவன் காதுபடச் சொல்வதற்கு முன் பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் மெதுவேகத்தில் படமெடுத்துப் பாருங்கள். கை தோள் உயரத்தில் இருக்கும் படச் சட்டத்தில் முழங்கை மடங்கியிருக்கிறதா, பந்து விடுபடுவதற்குள் அது நிமிர்கிறதா என்பதே கேள்வி. கைபேசியை வைத்துக்கொண்டு டிகிரி சொல்ல வேண்டாம். முப்பரிமாண அளவீடு இல்லாமல் அதை யாராலும் சொல்ல முடியாது.

வளையும் முழங்கை வேகம் தருமா என்று கேட்கும் பையன்கள் நிறைய. கொஞ்சம் தரும் என்பது என் எண்ணம். கை கடைசி நொடியில் சொடுக்குவதால் பந்து விடுபடும் தருணத்தை மட்டையாளர் தாமதமாகவே படிக்கிறார். ஆனால் இது பயிற்சியால் வருவதில்லை. பும்ராவைப் பார்த்துவிட்டு முழங்கையைச் சுவரில் அழுத்தி வளைக்கப் பார்த்த ஒரு பையனை நானே தடுத்திருக்கிறேன். வளைகிற கை உள்ளவர்களுக்கும் முழங்கையின் பின்பக்கம் எலும்போடு எலும்பு இடிக்கும் வலி வருவதுண்டு. முன்கைத் தசைகளும் மேற்கைப் பின்தசையும் வலுவாக இருந்தால்தான் அந்தச் சொடுக்கு மூட்டில் போய் முடியாமல் தசையில் நிற்கும்.

சரி, வேகம் எங்கிருந்துதான் வருகிறது? இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் 20 உயர்மட்ட வேகப்பந்து வீச்சாளர்களை அளந்து 2013-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வேகமாக வீசியவர்களிடம் நான்கு விஷயங்கள் தெரிந்தன: ஓட்டம் வேகமாக இருந்தது, பந்தை விடும்போது முன்னால் ஊன்றும் கால், அதாவது முன்கால், முழங்காலில் மடங்காமல் நின்றது, பந்தை விடுவதற்குள் மேலுடம்பு நன்றாக முன்னோக்கி மடிந்தது, வீசும் கை தாமதமாக வந்தது. இந்த நான்கில் ரப்பர் உடம்புக்கு இடமே இல்லை. இரண்டாவது விஷயம் கேட்பது நேர்மாறான ஒன்றை, இறுக்கத்தை. ஓடிவந்த உந்தம் முழுவதும் முன்கால் என்ற கம்பத்தில் மோதி நின்று, அந்த மோதலின் பலன் இடுப்பு, தோள், கை என்று மேலேறுகிறது. முன்கால் தரையில் ஊன்றும் நொடியில் உடல் எடையைப் போல ஐந்து மடங்கு விசை, சிலருக்கு அதற்கும் மேல், அந்த ஒற்றைக் காலில் இறங்குகிறது.

தளர்ந்த மூட்டுக்காரரின் முன்காலுக்கு இரண்டு விதமான கெட்ட பழக்கங்கள் உண்டு. ஒன்று, ஊன்றியதும் மடங்கிவிடும்; வேகம் அங்கேயே கரைந்துபோகும். இரண்டாவது பழக்கம் எனக்கிருந்தது. முழங்கால் நேராகி, அதையும் தாண்டிப் பின்னோக்கிப் போகும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது அற்புதமான முன்காலாகத் தெரியும், பாராட்டுக்கூடக் கிடைத்தது. ஆனால் காலைத் தாங்கியது தசையல்ல, மூட்டின் பின்புறத் தசைநார்கள். ஆட்டம் முடிந்து படியிறங்கும்போது முழங்காலின் பின்குழியில் ஒரு குடைச்சல் இருக்கும். அதைச் சரிசெய்ய எனக்கு வாய்த்த பிசியோ கொடுத்த பயிற்சி மிகச் சாதாரணமானது. ஒரு படி உயரத்திலிருந்து ஒற்றைக் காலில் இறங்க வேண்டும். முழங்காலை இம்மி மடக்கி, அந்த நிலையிலேயே ஆடாமல் சில நொடி நிற்க வேண்டும். பார்க்க எளிது. முதல் வாரங்களில் என் கால் நடுங்கிய நடுக்கத்தைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. மூட்டு எங்கே நிற்கிறது என்கிற உணர்வு தளர்ந்த மூட்டுக்காரர்களுக்குக் குறைவாக இருக்கும் என்று அவர் விளக்கியபோதுதான் நடுக்கத்தின் காரணம் புரிந்தது. அதோடு தொடைப் பின்தசைக்கும் கெண்டைக்கால் தசைக்கும் எடைப் பயிற்சி. இவை பழகியபின் மெதுவாக நடந்துவந்து வீசுவது, பிறகு சில அடி ஓடிவந்து வீசுவது, கடைசியில் முழு ஓட்டம்.

இனி முதுகு. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான்.

நான் ஓடிவந்து தாவி இறங்கும்போது என் பின்பாதம், அதாவது முதலில் தரையில் படும் வலது பாதம், மட்டையாளரைப் பார்த்தபடி விழும். அப்படி விழுந்தால் இடுப்பும் மார்பும் முன்னோக்கித் திறந்திருக்கும். அதன்படியே தோளும் திறந்திருந்தால் எந்தச் சிக்கலும் இல்லை; அது முன்நோக்கிய ஆக்‌ஷன், அவ்வளவுதான். ஆனால் எனக்குக் கிடைத்த பயிற்சியாளர் பழைய பள்ளியைச் சேர்ந்தவர். "இடது தோளுக்கு மேலே பார், பக்கவாட்டில் திரும்பு" என்று ஒவ்வொரு பந்துக்கும் குரல் கொடுப்பார். பின்பாதம் ஆடுகளத்தின் குறுக்கே போட்டிருக்கும் பந்துவீச்சுக் கோட்டுக்கு இணையாக விழும் ஒருவருக்கு அது நல்ல அறிவுரை. எனக்கு அது, இடுப்பு ஒரு திசையிலும் தோள் வேறு திசையிலும் இருக்கும் கலப்பு ஆக்‌ஷனாக முடிந்தது. இறுக்கமான உடம்பு என்றால் அந்த முறுக்கலை முதல் நாளே மறுத்திருக்கும். பந்து எங்கோ போயிருக்கும், பயிற்சியாளரும் கைவிட்டிருப்பார். என் முதுகெலும்போ எதற்கும் தலையாட்டியது. திரும்பு என்றால் திரும்பியது, பந்து வீசும் நொடியில் இடதுபக்கம் சாய் என்றால் சாய்ந்தது. தளர்ந்த மூட்டின் ஆபத்து இதுதான்: தவறான ஆக்‌ஷனைப் பல காலம் வலியில்லாமல் அனுமதிக்கும்.

தோள்கள் பின்பாதம் ஊன்றிய பிறகு மேலும் பின்னோக்கித் திரும்புவதை ஆய்வாளர்கள் எதிர்ச்சுழற்சி என்கிறார்கள். அது சுமார் 30 டிகிரியைத் தாண்டும் கலப்பு ஆக்‌ஷன்களையும் கீழ்முதுகு எலும்பின் அழுத்த முறிவையும், அதாவது ஸ்ட்ரெஸ் ஃபிராக்சரையும், பல ஆய்வுகள் இணைத்துச் சொல்கின்றன. வலக்கை வீச்சாளருக்கு அது பெரும்பாலும் இடதுபக்கத்தில், நான்காம் அல்லது ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்பில் வரும். ஒரே அடியில் உடைவதில்லை. பந்து பந்தாக எலும்பு நோகிறது. ஆறுவதற்குள் அடுத்த ஸ்பெல் (ஒருவர் தொடர்ச்சியாக வீசும் ஓவர்கள்) வந்துவிடுகிறது. பதின்வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் முதுகெலும்பு முழுதாக முதிர்ந்திருக்காது என்பதால் அந்த வயதில்தான் இது அதிகம்.

எனக்கு வலி இடதுபக்கம், ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் மட்டும். வீசும்போது மந்தமாக இருக்கும், மறுநாள் காலையில் நன்றாகத் தெரியும். தசைப்பிடிப்பு என்று தைலம் தேய்த்தார்கள். எக்ஸ்-ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். தொடக்கநிலை அழுத்த முறிவு எக்ஸ்-ரேயில் பெரும்பாலும் தெரியாது. எம்ஆர்ஐ எடுத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பல மாதங்கள் பந்தைத் தொடவில்லை. விரிசல் விழுவதற்கு முன்பே எலும்புக்குள் நீர்கோத்திருப்பதை எம்ஆர்ஐ காட்டிவிடும் என்பது பிறகு தெரிந்தது. சர்வதேச அணிகளில் இளம் வீச்சாளர்களை அவ்வப்போது இப்படிப் படமெடுத்துப் பார்ப்பதற்கு அதுதான் காரணம்.

பெரிய வீச்சாளர்களுக்கும் நேர்ந்ததுதான் இது. டென்னிஸ் லில்லிக்கு 1973-இல் மேற்கிந்தியச் சுற்றுப்பயணத்தில் முதுகு முறிந்தது. உடம்பையும் ஆக்‌ஷனையும் செப்பனிட்டுக்கொண்டு 1974-75 ஆஷஸ் தொடரில் திரும்பி வந்தார். பேட் கம்மின்ஸ் 18 வயதில், 2011-இல், ஜோஹன்னஸ்பர்க்கில் அறிமுகமான டெஸ்டிலேயே இரண்டாம் இன்னிங்ஸில் 6 விக்கெட் எடுத்தார். அவருடைய அடுத்த டெஸ்ட் 2017 மார்ச்சில். இடைப்பட்ட காலத்தைப் பெரும்பாலும் காயங்கள் தின்றன. பும்ராவுக்கு 2019-இல் அழுத்த முறிவு, 2022-இல் மீண்டும் முதுகுச் சிக்கல், 2023-இல் அறுவை சிகிச்சை. கம்மின்ஸின் இடைவெளியை நான் அடிக்கடி பெற்றோரிடம் சொல்வேன். 'இந்த ஒரு தேர்வுப் போட்டி மட்டும்' என்று வலியோடு பிள்ளையைக் களமிறக்கத் துடிப்பவர்களிடம் வேறெந்த விளக்கமும் எடுபடுவதில்லை.

குணமான பிறகு ஆக்‌ஷனை முழுதாக மாற்றச் சொன்னவர்கள் உண்டு. நான் மாற்றவில்லை. ஜேம்ஸ் ஆண்டர்சனின் அனுபவம் அப்போது எனக்குத் துணிவு கொடுத்தது. காயம் வரக்கூடாது என்பதற்காக அவருடைய ஆக்‌ஷனைப் பயிற்சியாளர்கள் திருத்தினார்கள். வேகமும் லயமும் குறைந்தன, போதாததற்கு 2006-இல் முதுகில் அழுத்த முறிவும் வந்தது. பிறகு பழைய ஆக்‌ஷனுக்கே திரும்பி 704 டெஸ்ட் விக்கெட்டுகளோடு ஓய்வு பெற்றார். நான் திருத்தியது ஒன்றே ஒன்று. பின்பாதத்தை அது விழுகிற திசையிலேயே விட்டுவிட்டு, தோளை அதற்கு ஏற்பத் திறந்து வைத்தேன். இடது தோளுக்கு மேலே பார்ப்பதை விட்டு, இடது கையின் உட்புறமாக மட்டையாளரைப் பார்த்தேன். மட்டையாளரிடமிருந்து விலகிப்போகும் அவுட்ஸ்விங் கொஞ்சம் குறைந்தது. அந்த இழப்பை ஏற்றுக்கொண்டேன். பிள்ளைகளுக்கும் இதையேதான் சொல்கிறேன்: முதலில் பின்பாதத்தைப் பார், அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கத்துக்கு இடுப்பும் தோளும் உடன்படட்டும். பாதத்தைத் திருப்பப் போகாதே.

புதிதாக யார் வந்தாலும் பந்தைக் கொடுப்பதற்கு முன் மூட்டுத் தளர்வை மதிப்பிடும் பீட்டன் அளவுகோலை வைத்துப் பார்த்துவிடுகிறேன். ஒன்பது மதிப்பெண். இரு கைகளிலும் சுண்டுவிரல் 90 டிகிரிக்கு மேல் பின்னால் வளைகிறதா, கட்டைவிரல் முன்கையைத் தொடுகிறதா, முழங்கைகள் 10 டிகிரிக்கு மேல் பின்னோக்கிப் போகின்றனவா, முழங்கால்கள் அப்படிப் போகின்றனவா, முழங்கால் மடங்காமல் உள்ளங்கைகள் தரையில் படிகின்றனவா. பெரியவர்களில் ஐந்தோ அதற்கு மேலோ வந்தால் பொதுவான மூட்டுத் தளர்வு என்று கொள்ளலாம். சிறுவர்களுக்கு இயல்பாகவே மதிப்பெண் கூடும், பெண்களுக்கும் ஆண்களைவிடக் கூடுதலாக வரும். இது நோய்ப்பட்டியல் அல்ல. யாருக்கு எந்தப் பயிற்சி என்று பிரிப்பதற்கான வழி. மூட்டு அடிக்கடி நழுவுகிறது, பல இடங்களில் தீராத வலி என்றால் மட்டும் மருத்துவரிடம் அனுப்புகிறேன்.

மதிப்பெண் அதிகம் வந்தவர்களிடம் நான் முதலில் பிடுங்குவது ஸ்ட்ரெட்சிங்கை. அவர்களுக்கு அது பிடித்த வேலை. சுலபமாக வருகிறது, பார்ப்பவர்கள் வாய்பிளக்கிறார்கள். ஆனால் ஏற்கெனவே தேவைக்கு மேல் போகும் மூட்டை இன்னும் இழுத்து எதைச் சாதிக்கப் போகிறோம்? வீசப்போவதற்கு முன் ஒரு தசையை நிமிடக்கணக்கில் இழுத்துப் பிடித்தால், அது விசை தரும் திறன் சற்று நேரத்துக்குக் குறையவும் செய்யும். அந்த நேரத்தில் ஓட்டம், குதிப்பு, உடம்பைத் திருப்பியபடி முன்னடி வைத்து இறங்குவது, பிறகு பாதி வேகத்தில் சில பந்துகள் என்று போகலாம். வாரத்தின் மற்ற நாட்களில் பக்கவாட்டு பிளாங்க், ஒற்றைக் காலில் எடை தூக்குதல், தோளைப் பிடித்துவைக்கும் சிறுதசைகளுக்கு ரப்பர் பட்டைப் பயிற்சி. தளர்ந்த தோள்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பந்துவீச்சைவிட எல்லைக்கோட்டிலிருந்து எறிவதுதான் என் தோளை அதிகம் படுத்தியது. நாலைந்து ஓவர் வீசிவிட்டு எல்லைக்கோட்டில் குளிர்ந்துபோய் நிற்கும் கை, திடீரென்று எழுபது மீட்டர் எறிகிறது. முடிந்தால் தலைவரிடம் கேட்டு ஆடுகளத்துக்குப் பக்கத்தில் உள்ள மிட்-ஆனில் நில்லுங்கள்.

இறுக்கக்காரர்களுக்கு எல்லாம் தலைகீழ். அவர்களுக்கு நெகிழ்வு தேவைதான், ஆனால் எல்லா இடத்திலும் அல்ல. கீழ்முதுகை வளைத்துப் பழக வேண்டியதில்லை. அது போதுமான அளவு வளைந்துகொண்டுதான் இருக்கிறது. நெகிழ வேண்டியவை அதற்கு மேலும் கீழும் உள்ள இடங்கள்: மார்புப் பகுதி முதுகெலும்பு, இடுப்பு மூட்டு, கணுக்கால். இவை திரும்பாவிட்டால் அந்தத் திருப்பத்தைக் கீழ்முதுகு ஏற்கும். என்னிடம் வந்த உயரமான பையன் ஒருவன் ஒவ்வொரு பந்துக்கும் இடதுபக்கம் சரிந்து விழுந்துகொண்டிருந்தான். தலையை நேராக வை என்று பலர் சொல்லியும் பலனில்லை. படுக்கவைத்து இடுப்பு மூட்டைத் திருப்பிப் பார்த்தால், முன்காலின் இடுப்பு உட்பக்கம் திரும்பவே இல்லை. காலை ஊன்றிய பிறகு இடுப்பு அதன் மீது சுழல வழியில்லாததால் உடம்பு பக்கவாட்டில் தப்பித்துக்கொண்டிருந்தது. இடுப்பு மூட்டுப் பயிற்சிகளைத் தொடர்ந்து செய்ததும், நாங்கள் தலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே சரிவு குறைந்தது. கணுக்காலுக்குச் சுவர்ச் சோதனை போதும்: பாதத்தைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வைத்து, குதிகால் எழாமல் முழங்காலால் சுவரைத் தொட வேண்டும். கட்டைவிரலுக்கும் சுவருக்கும் இடையே பத்து சென்டிமீட்டராவது இருந்தால் நல்லது. இரண்டு காலுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருந்தால், குறைந்த காலில் வேலை இருக்கிறது.

பந்து எண்ணிக்கையைப் பற்றி நீட்டப் போவதில்லை. வலைப்பயிற்சிப் பந்துகளையும் சேர்த்து நோட்டில் எழுதுங்கள். ஓய்வுக்காலம் முடிந்து வந்த வாரத்தில் பழைய எண்ணிக்கைக்குத் தாவாதீர்கள்.

படமெடுக்கும் பழக்கம் மட்டும் பலரிடம் தவறாக இருக்கிறது. முதல் ஓவரைப் படமெடுத்து அழகு பார்க்கிறார்கள். நான் ஸ்பெல்லின் கடைசி ஓவரையே படமெடுக்கிறேன். தசை களைத்த பிறகுதான் தளர்ந்த மூட்டு தன் வேலையைக் காட்டும். முன்முழங்கால் பின்னோக்கிப் போகிறதா, பந்தை விடும்போது உடம்பு பக்கவாட்டில் கூடுதலாகச் சாய்கிறதா, பின்பாதம் ஊன்றிய பிறகு தோள் திரும்பிக்கொண்டே இருக்கிறதா என்று மூன்றை மட்டும் முதல் ஓவர்ப் படத்தோடு ஒப்பிடுகிறேன். ஒன்று மாறியிருந்தாலும் அந்த ஆளின் ஸ்பெல்லில் அடுத்த வாரம் ஓர் ஓவரைக் குறைத்துவிடுவேன். வேகமாக வீசிக்கொண்டிருக்கும் பையனிடமிருந்து பந்தை வாங்குவது சுலபமில்லை; முறைப்பான், சிலசமயம் அவன் அப்பாவும் முறைப்பார். படத்தைக் காட்டுவேன். அதற்குமேல் விவாதம் செய்வதில்லை.